மலையேறும் நூல்கள்

நுழையும்முன்

கொடை கொடுப்பவரின் கையில் தொடங்குகிறது. பெறுபவரின் வாழ்வில் நிறைவடைகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மலையோ கடலோ குறுக்கிட்டால், அந்தத் தொலைவைக் கடப்பதும் கொடையின் கடமையாகிறது. தொலைதூரப் பள்ளிகளுக்கு நூலும் கல்வி உதவியும் சென்று சேரும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஓரியின் மலை

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொல்லிமலை. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகிறது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் ஊர்த்தொகுதிகளை 'நாடு' என்று வழங்குகின்றனர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு முதலியன அவ்வாறு அமைந்தவை. சாமையும் கேழ்வரகும் மிளகும் அன்னாசியும் விளையும் சரிவுகளுக்கிடையே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன.

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். வேட்டைக்குச் சென்ற இடத்தில் வறுமையுற்ற பாணர் சுற்றத்தைக் கண்ட ஓரி, அவர்கள் தம் தேவையைச் சொல்வதற்கும் இடங்கொடாமல், ஊனும் தேறலும் பொன்னும் மணியும் அக்காட்டு வழியிலேயே வழங்கினான் என்பது அப்பாடலின் செய்தி. அரண்மனைக்கு வந்து கேட்குமாறு அவன் சொல்லவில்லை. இல்லாதவர் இருந்த இடமே அவன் கொடையின் இடமாயிற்று.

தொலைவு என்னும் தடை

மலைச்சிற்றூரில் பிறக்கும் குழந்தைகளுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறியும் தலைமுறையினர். வீட்டில் பேசும் வழக்கு ஒன்றாகவும் பாடநூலின் நடை வேறாகவும் இருக்கும். பெற்றோர் வேலை தேடித் தொலைவிலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் காலத்தில் பிள்ளைகளின் படிப்பு தடைப்படுவதும் உண்டு. அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உதவித்தொகைகளும் இத்தடைகளைக் குறைக்கின்றன. எனினும், பள்ளி நேரத்திற்குப் பின் கையில் எடுத்துப் படிக்க ஒரு கதைநூல் இல்லையெனில், கற்ற எழுத்து தேர்வோடு நின்றுவிடும். நகரத்து மாணவருக்குத் தெருமுனையில் கிடைக்கும் நூலுக்கு மலைமாணவர் ஒரு முழுநாளைச் செலவிட வேண்டியிருக்கும். இவ்வகையில், கடல்சூழ்ந்த தீவுக்கும் மேகம்சூழ்ந்த மலைக்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை.

தங்கிச் செய்த பணி

கொல்லிமலையில் கல்விக்கெனக் கைந்நீட்டியவர்களுள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையர் குறிப்பிடத்தக்கவர்கள். இங்கிலாந்திலிருந்து சமயப்பணிக்கு வந்த இவர்கள், 1913-இல் மலைமேல் குடியேறினர். காய்ச்சல் மலிந்திருந்த அக்காலத்தில் நோய்க்கு மருந்தளித்தனர், பள்ளிகளை நிறுவினர், வேளாண்மையும் கைத்தொழிலும் கற்பித்தனர். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலுக்கே பலியானார். எவலின், பணிக்காலம் முடிந்த முதுமையிலும் மலைக்குத் திரும்பி, 1974-இல் மறையும்வரை மலைமக்களுக்காக உழைத்தார். அம்மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்றார். பொருளை அனுப்புவதோடு நில்லாமல் மக்களோடு தங்கியதே இவர்கள் பணியின் வலிமை.

தேடிச் சென்ற நூலகம்

தங்க இயலாதவர் தேடிச் செல்லலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை என்பவர் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். வண்டி ஊர் ஊராகச் சென்று நூல்களை இரவல் தந்தது. உழவர் நூலகத்தைத் தேடி அலையாமல், நூலகமே உழவரைத் தேடி வந்தது. நார்வே நாட்டில் 'எபோஸ்' என்னும் நூலகக் கப்பல் 1963 முதல் 2020 வரை மேற்குக் கடற்கரையின் தீவுகளுக்கும் சிற்றூர்களுக்கும் நூல்களைக் கொண்டுசென்றது. மாடு இழுத்த வண்டியும் கடலில் மிதந்த கப்பலும் ஒரே அறத்தைச் செய்தன.

தெரிந்து தெளிவோம்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் சென்னை மாநிலம் (1948). சொத்துவரியோடு சேர்த்துப் பெறப்படும் நூலக வரி, பொதுநூலகங்களின் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது.

ஐந்து விதிகளும் மலைப்பள்ளியும்

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். எடப்புளி நாடு போன்ற மலைப்பகுதியின் பள்ளிக்கு நூல் வழங்க விரும்புவோர்க்கும் அவை வழிகாட்டும்.

'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பது முதல் விதி. எண்ணிக்கை குறையுமோ என்றஞ்சிப் பூட்டப்பட்ட அலமாரி, நூல் இல்லாத அறைக்கு ஒப்பாகும். கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல் என்று கருதும் மனம் கொடையாளர்க்கும் ஆசிரியர்க்கும் வேண்டும்.

'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்', 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பன அடுத்த இரண்டு விதிகள். வீட்டில் வேண்டாதனவற்றை மூட்டைகட்டி அனுப்புவது கொடையாகாது. பழைய தேர்வு வழிகாட்டிகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமிக்குப் பயன்படா. 2023-இல் தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம், சிறுநூல்களை 'நுழை, நட, ஓடு, பற' எனப் படிநிலைகளாகப் பகுத்தது. அத்தகைய பகுப்பைப் பின்பற்றி, பள்ளியிடம் தேவையைக் கேட்டறிந்து நூல்களைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

'வாசகரின் காலத்தைப் பேணுக' என்பது நான்காம் விதி. தொலைவிலிருந்து நடந்துவரும் மாணவர், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை பெற்றால்தான் நூல் அவருக்குப் பயன்படும்.

'நூலகம் வளரும் ஓர் உயிரி' என்பது ஐந்தாம் விதி. உயிருக்கு உணவு வேண்டும், காவலும் வேண்டும். மலையின் பனியும் ஈரமும் தாளைப் பூஞ்சை பிடிக்கச் செய்யும். சுவரிலிருந்து விலக்கி வைத்த அடுக்கு, வெயில் நாளில் காயவைத்தல், ஆண்டுதோறும் புதிய நூல்கள் ஆகியன கொடையின் தொடர்ச்சியாகும். முதியோர் சொல்லும் கதைகளையும் சாமை விதைப்பு முறைகளையும் மாணவர்களே எழுதித் தைத்து நூலகத்தில் சேர்த்தால், பெற்றவர்களும் கொடுப்பவர்களாவர்.

சாக்குப்பையில் ஒரு நூலகம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி, முதுவர் பழங்குடியினரின் ஊர்களைக் கொண்ட ஊராட்சி. அங்குத் தேநீர்க்கடை நடத்திய முதியவர் ஒருவர், ஏறத்தாழ 160 நூல்களைச் சாக்குப்பைகளில் வைத்து நூலகம் நடத்திவந்தார். மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட சிலப்பதிகாரமும் அவற்றுள் ஒன்று. உறுப்பினராக 25 ரூபாய். மாதக் கட்டணம் 2 ரூபாய். 2013-இல் 37 நூல்கள் இரவல் பெறப்பட்டதாக அவருடைய பதிவேடு காட்டியது. நகர நூலகத்திற்கு அவ்வெண் சிறிது. பல கல் தொலைவு காட்டுவழியில் நடந்து சேரவேண்டிய ஊரில் அது பெரிது. கட்டடமும் அலமாரியும் இல்லாத அந்நூலகத்தை வாழவைத்தது பொறுப்பேற்ற ஒரு மனிதரின் அக்கறை.

நிறைவாக

தொலைதூரப் பள்ளிக்கு உதவ முன்வருவோர் நூல்களின் எண்ணிக்கையை முதலில் கேட்கின்றனர். அவற்றைத் திறந்து கொடுப்பவர் யார் என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. ஊரில் பள்ளியிறுதி முடித்த இளைஞர் ஒருவருக்குச் சிறு மதிப்பூதியம் அளித்து, மாலைதோறும் நூலகத்தைத் திறக்கச் செய்வது நூறு நூல்களை அனுப்புவதினும் பயன்தரக்கூடும். மேற்படிப்புக்காக மலையிறங்கும் மாணவரின் பேருந்துக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்பதும் அத்தகைய அறமே. படித்துத் திரும்பும் அம்மாணவர் நாளை அந்நூலகத்தின் கதவைத் திறப்பவராக அமையலாம். கேட்குமுன் கொடுத்த ஓரியின் மலையில், படிக்க விரும்பும் குழந்தை கேட்டும் கிடைக்காத நிலை இருத்தலாகாது.