லாபம் இருந்தும் நிறுவனங்கள் மூடப்படுவது ஏன்?

கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டும் நிறுவனம்கூட மாதக் கடைசியில் சம்பளம் போட முடியாமல் தவிப்பதுண்டு. விற்ற சரக்குக்குப் பணம் இன்னும் வரவில்லை. வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுத்தாயிற்று. இந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கும் பணமே நடைமுறை மூலதனம். பொருளாதார நெருக்கடியில் முதலில் அடிபடுவது இதுதான்.

மூன்று நாட்கணக்கு

இதை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. சரக்கு கிடங்கில் எத்தனை நாள் கிடக்கிறது, விற்ற பணம் எத்தனை நாளில் வருகிறது என்ற இரண்டையும் கூட்ட வேண்டும். சரக்கு தந்தவர் நமக்குத் தரும் தவணை நாட்களை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

உதாரணத்திற்கு, சரக்கு 40 நாள், வசூல் 60 நாள், தவணை 30 நாள் என்றால் இடைவெளி 70 நாள். நாளொன்றுக்கு 2,000 ரிங்கிட் செலவாகும் கடைக்கு 140,000 ரிங்கிட் கைமுதல் தேவை.

நெருக்கடி வந்ததும் சரக்கு 60 நாள் தேங்குகிறது. வாடிக்கையாளர் 90 நாள் இழுத்தடிக்கிறார். மொத்த வியாபாரியோ ரொக்கம் கேட்கிறார். இடைவெளி 150 நாளாகிறது. தேவை 300,000 ரிங்கிட்டாக உயர்கிறது. வியாபாரம் ஒரு காசுகூட வளராத நிலையில் கூடுதலாக 160,000 ரிங்கிட் வேண்டும். வங்கியும் கையை இறுக்கும் நேரம் அது.

நாம் கண்ட இரண்டு நெருக்கடிகள்

1997 ஜூலையில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடிக்கு முன், ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2.50 ரிங்கிட் கொடுத்தோம். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. அதே இறக்குமதிச் சரக்கை வாங்க ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் தேவைப்பட்டது. 1998 நடுப்பகுதியில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. செப்டம்பர் 2-ஆம் தேதி ரிங்கிட் 3.80-இல் நிலைநிறுத்தப்பட்ட பிறகே வணிகர்களால் விலையை முன்கூட்டிக் கணக்கிட முடிந்தது. டாலரில் விற்ற செம்பனை எண்ணெய் ஏற்றுமதியாளர்களுக்கு அதே சரிவு கூடுதல் வருமானம் தந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

2020-இல் கதை வேறு. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் பலருக்கு விற்பனையே நின்றது. இரண்டாம் காலாண்டில் பொருளாதாரம் 17.1 விழுக்காடு வீழ்ந்தது. ஏப்ரல் முதல் ஆறு மாதத்திற்குக் கடன் தவணை ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் வாடகையும் சரக்குப் பாக்கியும் நிற்கவில்லை.

சமாளிப்பது எப்படி?

முதலாவது, வாராவாரம் வரவுசெலவை எழுதி, அடுத்த மூன்று மாதத்தில் எந்த வாரம் பணம் தட்டுப்படும் என்பதை முன்பே அறிவது.

இரண்டாவது, வேலை முடிந்த அன்றே பில் அனுப்புவது. 30, 60, 90 நாள் எனப் பாக்கிகளைப் பிரித்து, பழையதை முதலில் வசூலிப்பது. 30 நாள் முன்னதாகத் தருபவருக்கு 2 விழுக்காடு தள்ளுபடி தரலாம். ஆனால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 25 விழுக்காடு வட்டிக்குச் சமம். வங்கிக் கடன் கிடைக்காதபோது மட்டும் கையாளலாம். எப்படியானாலும் ஆலோங்கிடம் போவதைவிட மேல்.

மூன்றாவது, ஓடாத சரக்கைக் குறைந்த விலைக்காவது தள்ளிவிட்டு, ஓடும் சரக்கைக் குறைக்காமல் வைப்பது.

நான்காவது, தவணை தவறிய பின் ஒளியாமல், தவறும் முன்பே சரக்குக்காரரிடம் பேசுவது.

ஐந்தாவது, கைமுதலை எடுத்து லாரியோ கடைவீடோ வாங்காமல் இருப்பது. குறுகிய காலப் பணத்தை நீண்ட காலச் சொத்தில் முடக்கியவர்களே 1997-இல் அதிகம் சிக்கினார்கள்.

யாருடைய திறமை, யாருடைய சுமை?

பெரிய நிறுவனம் பணம் தருவதை 30 நாளிலிருந்து 90 நாளுக்குத் தள்ளினால், அதன் கணக்கில் அது திறமையான நிர்வாகம். ஆனால் அந்த 60 நாளையும் சுமப்பவர் சிறு குத்தகையாளர். அவருக்குப் பின்னால் அவரிடம் வேலை செய்பவர்கள். கட்டுமானத் துறையில் இதற்கு ஒரு வழி உண்டு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால், 2012-ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணம் செலுத்தல், தீர்ப்பளிப்புச் சட்டத்தின்கீழ் பாக்கியைக் கோரலாம். வாய்ப்பேச்சை நம்பி வேலை எடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது

முதலாளியின் கைமுதல் வற்றுவதை உங்களாலும் கண்டுகொள்ள முடியும். வேலைச் சட்டம் 1955-இன்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். இபிஎஃப் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பணமுடை வந்ததும் பல முதலாளிகள் முதலில் நிறுத்துவது இதைத்தான். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் உங்கள் இபிஎஃப் கணக்கில் பணம் ஏறவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, இபிஎஃப் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். சம்பளமே தாமதமானால் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். நிறுவனம் மூடப்பட்ட பிறகு பாக்கியை வாங்குவது மிகக் கடினம்.