இருமுறை எண்ணப்பட்ட குற்றம்

 அமெரிக்காவில் தண்டிக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜூரியின் முகத்தையே பார்ப்பதில்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 சதவீதத் தண்டனைத் தீர்ப்புகளும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-இல் எடுத்துக்காட்டியது. அங்கே சாட்சியும் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. நீதிபதி உண்மையில் முடிவு செய்வது எத்தனை மாதச் சிறை என்பதை மட்டும்தான். அந்த ஒன்றிலும் பிழை நேர்ந்தால், அதைத் திருத்தாமல் விட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பதே என் வாதம்.

உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்த வழக்கு ஒன்று இதற்குத் தெளிவான சான்று. நாடு கடத்தப்பட்ட ஒருவர் அனுமதியில்லாமல் திரும்பி வந்தார்; குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்கு முன் நன்னடத்தை அலுவலகம் ஓர் அறிக்கை தயாரிக்கும். பழைய தண்டனைகளுக்குப் புள்ளி போடும். 2009-ஆம் ஆண்டின் ஒரே தாக்குதல் வழக்கை அந்த அறிக்கை இரண்டு முறை எண்ணிவிட்டது. குறைவாக இருக்க வேண்டிய புள்ளி 13 ஆயிற்று. அதனால் 70 முதல் 87 மாதம் என்றிருக்க வேண்டிய பரிந்துரை வரம்பு, 77 முதல் 96 என்று ஏறிவிட்டது. அவருடைய வழக்கறிஞர் உட்பட ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. 78 மாதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் பிழை வெளிப்பட்டது. ஐந்தாம் வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பிழையை ஒப்புக்கொண்டது. அது அவரைப் பாதித்ததையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டது.

78 மாதம் சரியான வரம்புக்குள்ளும்தானே வருகிறது என்று கேட்கலாம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? நீதிபதியின் முன்னால் இருந்த வரம்பு 77-இல் தொடங்கியது; அதற்கு மேல் ஒரே ஒரு மாதம் கூட்டினார். 70-இல் தொடங்கியிருந்தால் அதே நீதிபதி 78 வரை போயிருப்பாரா? அவரிடமே திருப்பிக் கேட்பதுதான் முறை. உரிய நேரத்தில் ஆட்சேபம் எழுப்பாதவருக்கு ஏன் இரக்கம் என்பது இன்னொரு மறுப்பு. சிறுபான்மைத் தீர்ப்பில் நீதிபதி தாமஸ் இந்தக் கவலையைத்தான் வலியுறுத்தினார். அன்றே சொல்லியிருந்தால் அன்றே குறைந்திருக்கும் தண்டனையை, பின்னால் இன்னும் கடினமான சோதனையைத் தாண்டிப் பெறலாம் என்று எந்த வழக்கறிஞரும் வேண்டுமென்றே ஒளித்து வைக்க மாட்டார். தவறாகக் கூட்டியதும் அரசின் அலுவலகம்தான். இப்படியே போனால் வழக்குகள் முடிவுக்கே வராது என்ற அச்சத்துக்கும் ஆதாரம் போதாது. மறுவிசாரணை என்றால் ஜூரியும் சாட்சிகளும் மறுபடி வர வேண்டும். தண்டனையை மட்டும் திருத்த அவர்கள் யாரும் தேவையில்லை. நீதிபதி சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பும் இந்த வேறுபாட்டைச் சுட்டியது. 2018 ஜூன் 18 அன்று, 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில், இத்தகைய பிழையைச் சாதாரணமாகத் திருத்தியே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று.

நம் இந்தியச் சட்டமும் இந்தக் கதவை அடைக்கவில்லை. ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீடு இல்லை என்று சொல்லும் பிரிவே (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416) கீழ் நீதிமன்றத் தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் எதிர்க்க இடம் தருகிறது.

அமெரிக்காவில் இன்னொரு தடை மிச்சமிருக்கிறது. ஒப்புதல் உடன்படிக்கைகள் பலவற்றில் மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடும் வாசகமும் சேர்ந்தே வருகிறது. கட்சிக்காரர் கேட்டால், அப்படிக் கையெழுத்திட்டிருந்தாலும் வழக்கறிஞர் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் தண்டனைக்கு முன்பே, புள்ளிக் கணக்கு கைக்கு வருவதற்கும் முன்பே வாங்கப்படுகிறது. இன்னும் நேராத பிழையை எதிர்க்கும் உரிமையை ஒருவர் எதைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்க முடியும்? கணக்குப் பிழைகளுக்காவது அந்த வாசகம் செல்லாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் அறிவிக்க வேண்டும்.