உங்களுக்குத் தெரியுமா? ஜேசிபியின் பூர்வீகம் உழவு டிராக்டர்!

கண்மாய் தூர்வார, அஸ்திவாரம் தோண்ட வந்து நிற்கும் மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நமக்கு அது 'ஜேசிபி'தான். உண்மையில் அது ஓர் ஆளின் பெயர்: ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. 1945-இல் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டரில் ஒரு வாடகைக் கொட்டகையில் தொழில் தொடங்கினார். முதலில் செய்த டிரெய்லர் 45 பவுண்டுக்கு விற்றது.

1953-இல், ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டருக்கு முன்னால் மண் அள்ளும் பக்கெட்டையும், கலப்பை மாட்டும் பின்பக்கத்தில் குழி தோண்டும் கையையும் பொருத்தினார். என்ஜின் சுழற்றும் பம்ப் எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தத்தில் கை மடங்கி நீளும். தோண்டும் கை மட்டும் அவருக்கு முந்தியது; அமெரிக்காவில் 1948-லேயே ஃபோர்டு டிராக்டரில் அதை மாட்டிவிட்டார்கள்.

1979-இல் ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியத் தயாரிப்பு தொடங்கியது. அடுத்தமுறை ஜேசிபியைப் பார்த்தால் சக்கரங்களைக் கவனியுங்கள். பின்னால் பெரிசு, முன்னால் சிறிசு. டிராக்டர் ஜாடை இன்னும் போகவில்லை!