விம் சொல்லாத மெமரி கணக்கு

ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, ஆயக்குடியில எங்க வீடு. 4 ஜிபி ரேம் லேப்டாப். ஒரு டெர்மினல்ல சிமுலேஷன் ஓடுது, இன்னொன்னுல விம் திறந்து ரிப்போர்ட் அடிச்சிட்டிருக்கேன். திடீர்னு கர்சர் நின்னுடுச்சு. மெமரி நிரம்பி மொத்த மெஷினும் ஹேங். பவர் பட்டனை அமுக்கறதைத் தவிர வழியில்லை. ரிப்போர்ட்டை விம்மோட ஸ்வாப் ஃபைல் காப்பாத்திடுச்சு. மூணு மணி நேரம் ஓடின ரன் போச்சு.

முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரவுசரையாவது மூடியிருப்பேன். ஆனா மெஷின்ல எவ்வளவு மெமரி மிச்சம்னு சொல்ற ஃபங்ஷன் விம்முக்குள்ள கிடையாது. ஈமேக்ஸில் உண்டு. அதுக்காக எடிட்டரை மாத்தணுமா? வேண்டாம்.

லினக்ஸில் 'ப்ராக்' என்ற ஃபோல்டருக்குள் 'மெம்இன்ஃபோ' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அது டிஸ்க்கில் இல்லை. நாம் படிக்கும்போதுதான் கெர்னல் பதிலை எழுதித் தருகிறது. முதல் வரி மொத்த மெமரி, இரண்டாவது 'ஃப்ரீ', மூன்றாவது 'அவைலபிள்'.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ஃப்ரீ குறைவா இருந்தா பயப்பட வேண்டாம். பஸ்ல துண்டு போட்ட சீட் மாதிரி, கெர்னல் பழைய ஃபைல்களை கேஷ்ல வச்சிருக்கும்; ஆள் வந்தா பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துடும். அதையும் சேர்த்த மதிப்பீடுதான் அவைலபிள். 2014-ல் வந்த கெர்னல் 3.14 முதல் இது உண்டு. அதையே பாருங்க.

இனி வேலை எளிது. விம்மின் 'ரீட்ஃபைல்' ஃபங்ஷனால் முதல் 3 வரிகளைப் படியுங்கள். மூன்றாவது வரியின் எண்ணை மட்டும் பிரித்து 1024-ஆல் வகுத்தால் எம்பி கணக்கு. அதை ஒரு குளோபல் வேரியபிளில் வைத்து ஸ்டேட்டஸ்லைனில் காட்டுங்கள். 'டைமர் ஸ்டார்ட்' மூலம் 5 நொடிக்கு ஒருமுறை வேரியபிளைப் புதுப்பித்து, ஸ்டேட்டஸ்லைனை மறுபடி வரையச் சொல்லுங்கள். டைமருக்கு விம் 8 வேண்டும்.

நான் முதல்ல செஞ்ச தப்பு: ஸ்டேட்டஸ்லைனுக்குள்ளேயே 'ஃப்ரீ' கமாண்டை ஓட வச்சேன். கர்சர் நகரும்போதெல்லாம் ஸ்டேட்டஸ்லைன் புதுசா கணக்காகும். ஒவ்வொரு தடவையும் ஒரு புது பிராசஸ். மெஷினைக் காப்பாத்தப் போய் நானே சுமை ஏத்தினேன். ஃபைல் படிக்கிறதுல அந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ்காரங்களுக்கு இந்த ஃபைல் கிடையாது. டபிள்யூஎஸ்எல்லில் உண்டு, ஆனா அது காட்டுறது லினக்ஸுக்கு ஒதுக்கின பங்கை மட்டும்.

500 எம்பிக்குக் கீழ போனா எச்சரிக்கை வர்ற மாதிரி வச்சிருக்கேன். உங்க ரிவ்யூவுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க மக்களே.