குடும்பம் உள்ளவர் மேல் ஏன் மனசு போகிறது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணம் எண்ணி முடிந்ததும் ஓர் அக்கா எழுந்தார். "இவங்களுக்கு மாட்டுக் கடன் குடுக்கக் கூடாது. இவங்க மக கல்யாணமான ஆளுகூடப் பழகுறா" என்றார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். "ஊர்ல வேற ஆம்பளையே இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஏன் அப்படிப் போகிறார்கள்?

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் செய்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. மாணவ மாணவிகளிடம் "இவர் உங்களுக்குப் பொருத்தமானவர்" என்று ஒருவருடைய போட்டோவைக் காட்டினார்கள். சிலரிடம் அவர் தனி ஆள் என்றார்கள். சிலரிடம் அவருக்கு ஏற்கெனவே துணை உண்டு என்றார்கள். துணை இல்லாத பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தனி ஆள் என்று கேட்டவர்களில் 100-க்கு 59 பேர் விருப்பம் காட்டினார்கள். துணை உண்டு என்று கேட்டவர்களில் 100-க்கு 90 பேர்! இருவருக்கும் காட்டியது ஒரே போட்டோதான்.

சந்தையில் கூட்டம் நிற்கிற கடைக்குத்தானே நாமும் போகிறோம்? அதே கணக்குதான் இதுவும். "ஒருத்தி ஏத்துக்கிட்டிருக்கா, அப்ப நல்லவனாத்தான் இருப்பான்" என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்காத பெண்ணுக்கு, "பொண்டாட்டியை விட நீதான் உசத்தி" என்று ஒருவன் சொன்னால் இன்னும் மயக்கம்.

ஆனால் கணக்கு தப்பு. 2014-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், ஒரு துணையை விட்டு இன்னொருவரால் இழுக்கப்பட்டு வந்தவர்களைப் பார்த்தார்கள். புது உறவிலும் அவர்களுக்குப் பிடிப்பு குறைவு. வேறு ஆளைத் தேடுவது அதிகம். அங்கே நிலைக்காதவர் இங்கேயும் நிலைப்பது சிரமம்தான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, முதல் மனைவி உயிரோடு இருந்து விவாகரத்தும் ஆகாதபோது செய்யும் இரண்டாம் கல்யாணம் செல்லாது. கோயிலில் தாலி கட்டினாலும் செல்லாது.

சகோதரிகளே, இன்னொன்றையும் யோசியுங்கள். அன்று அரை மணி நேரம் அந்தப் பெண்ணைப் பேசினோம், அவள் தாயைப் பேசினோம். மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளிடம் வந்த அந்த ஆளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2004-ல் 53 நாடுகளில் எடுத்த ஆய்வில், அடுத்தவர் துணையைக் கொஞ்ச காலப் பழக்கத்துக்கு இழுக்க முயன்றதாக ஒப்புக்கொண்டவர்கள் பெண்களை விட ஆண்களே அதிகம். பழி மட்டும் எப்போதும் பெண் தலையில்.

தவணை தவறாத தாய்க்குக் கடனை நிறுத்தினால் மகள் திருந்துவாளா? இதைக் கேட்டோம். பேசிப் பேசி, கடைசியில் கடன் கொடுப்பதாகத் தீர்மான நோட்டில் எழுதினார்கள்.

வெளியே வந்ததும் அந்தத் தாய் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட எப்படிப் பேசுறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

அடிக்காமல், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து இந்த மூன்றைக் கேளுங்கள் என்றோம்:

1. அவனுக்குக் குடும்பம் இல்லாவிட்டாலும் உனக்கு அவனைப் பிடிக்குமா?
2. நாலு பேர் பார்க்க உன்னோடு பகலில் கடைவீதிக்கு வருவானா?
3. அந்தப் பெண்ணுக்குச் செய்வதை நாளைக்கு உனக்குச் செய்ய மாட்டானா?

பதிலை அவளே சொல்லட்டும். நாம் பொறுமையாகக் கேட்போம். அடுத்த கூட்டத்தில் நீங்களும் இதைப் பேசுங்கள். யார் பெயரையும் இழுக்காமல் பேசுங்கள்.