ட்ரம்ஸுக்கு எத்தனை மைக் வேண்டும்? சத்தத்தைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டும் வழி

வைகாசி பிறந்தால் தண்ணீரூற்று, முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கங்களில் கோவில் வீதிகளில் ஒலிபெருக்கி கட்டத் தொடங்கிவிடுவார்கள். பகலில் தவிலும் நாதஸ்வரமும். இரவில் மேடை போட்டு இசைக்குழு. அந்த மேடையில் கூடிய இடத்தைப் பிடிப்பது ட்ரம் செட். கூடிய சிக்கலைத் தருவதும் அதுதான்.

பாடகரின் குரல் கேட்கவில்லை, பாட்டின் சொல் விளங்கவில்லை, இடையிடையே ஸ்பீக்கர் கீச்சிடுகிறது என்று சனம் முறைப்படுவது வழமை. உடனே செய்யப்படுவது குரலின் சத்தத்தைக் கூட்டுவது. பிறகு ட்ரம்ஸ் எடுபடவில்லை என்று அதையும் கூட்டுவது. இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு ஏறும் சத்தத்தின் தொடக்கம் பல வேளைகளில் ட்ரம்ஸைச் சுற்றி வைத்த மைக்குகளில்தான் இருக்கிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் இதை வெறும் ரசனை விடயமாக விட்டுவிட முடியாது. வெடிப்பின் அழுத்தத்தில் முதலில் காயப்படும் உறுப்புகளில் காது ஒன்று. 2009 வரை எறிகணைகளுக்கு நடுவில் வாழ்ந்து, செவிப்பறை கிழிந்தவர்களும் காது இரைச்சலோடு வாழ்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கடும் சத்தத்தால் கேள்திறன் குறையும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். க, ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்து அறிய உதவுவதும் அந்த ஒலிகள்தான். ஆகவே இவர்களுக்குச் சத்தம் கேட்கும்; சொல் விளங்காது. சத்தத்தைக் கூட்டுவதால் அந்தக் குறை தீராது.

எது தானாகக் கேட்கும், எது கேட்காது

ட்ரம் செட்டுக்கு அருகில் நின்றால், மைக் எதுவும் இல்லாமலே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். நடுத்தரமான கோவில் வீதியில் முன்வரிசைகளுக்கு ஸ்னேரும் சிம்பலும் நேரடியாகவே போய்ச் சேரும். போகாதது கால் மிதியால் அடிக்கப்படும் பெரிய ட்ரம், அதாவது கிக். மண்டபத்தில் சுவர்கள் அடித்தொனியைத் திருப்பி அனுப்பிப் பெருக்கிக் கொடுக்கும். திறந்த வெளியில் அந்தச் சுவர்கள் இல்லை. அடித்தொனி காற்றோடு போய்விடுகிறது.

எனவே கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை ட்ரம் இருக்கிறது?" என்பதல்ல. "எந்த ட்ரம் சனத்துக்குப் போய்ச் சேரவில்லை?" என்பதே. அந்த ஒழுங்கில்தான் மைக் வாங்கவும் வைக்கவும் வேண்டும்.

முதலாவது மைக் கிக்குக்கு

ஒரே ஒரு மைக்தான் மிச்சம் இருக்கிறதென்றால் அது கிக்குக்குப் போகட்டும். இதற்கெனச் செய்யப்பட்ட பெரிய தகடு கொண்ட டைனமிக் மைக்குகள் உண்டு. ஷூர் பீட்டா 52ஏ, ஏகேஜி டி112 இரண்டும் உலகெங்கும் மேடைகளில் காணப்படுபவை. அடித்தொனியை நன்றாக வாங்கும். மிதி தோலில் மோதும் "டக்" என்ற ஒலியையும் எடுத்துக் கொடுக்கும். அந்த "டக்" இல்லாவிட்டால் தாளம் விளங்காது, வெறும் உறுமல்தான் கேட்கும்.

ட்ரம்மின் முன் தோலில் ஓட்டை இருந்தால் மைக்கை அதற்குள் விட்டு, மிதி மோதும் இடத்தை நோக்கி வைக்கலாம். உள்ளே தள்ளத் தள்ள "டக்" கூடும். ஓட்டைப் பக்கம் இழுத்தால் உருண்டையான ஒலி கூடும். ஓட்டை இல்லாவிட்டால் முன் தோலுக்குச் சில சென்ரிமீற்றர் தூரத்தில் வெளியே வைக்கலாம். உள்ளே ஒரு பழைய தலையணையை வைத்தால் நீண்டு அதிரும் ஒலி அடங்கும்.

இரண்டாவது மேலே, மூன்றாவது ஸ்னேருக்கு

முழு செட்டையும் மேலிருந்து பார்க்கும்படி ஒரு மைக் வைத்தால் சிம்பல், டொம், ஸ்னேர் எல்லாம் இயல்பான அளவில் அதற்குள் வந்துவிடும். இதற்குப் பொதுவாகப் பயன்படுவது கொண்டென்சர் மைக். நுண்மையாக வாங்கும், ஆனால் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின் அதற்குப் போகவேண்டும்.

எங்கள் ஊர்களில் இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, சோளகக் காற்று. வைகாசி, ஆனி மாதங்களில் வீசும் காற்று கொண்டென்சரில் "புர்" என்று விழும். தடித்த பஞ்சு உறை போடாமல் திறந்த மேடையில் அதைப் பயன்படுத்தக்கூடாது. மற்றது, ஜெனரேட்டர் இரைச்சலையும் பக்கத்து ஸ்பீக்கரையும் அது சேர்த்து வாங்கிக்கொள்ளும். காற்று அடங்காத இரவில் கொண்டென்சருக்குப் பதிலாக ஒரு சாதாரண டைனமிக் மைக்கை மேலே வைப்பது நல்லது. சிம்பலின் மினுக்கம் சற்றுக் குறையும், நிகழ்ச்சி கெடாது.

மூன்றாவது, ஸ்னேருக்கு. 1965இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 இன்னும் இதற்குப் பயன்படுகிறது. விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், தோலின் நடுவை நோக்கி வைத்து, மைக்கின் பின்புறம் ஹை-ஹெட் பக்கம் இருக்கும்படி திருப்பினால் போதும். அது இல்லாவிட்டால் குரலுக்கு வைத்திருக்கும் எஸ்எம்58 ஒன்றும் இந்த வேலையைச் செய்யும்.

இந்த மூன்றோடு கோவில் வீதி நிகழ்ச்சி ஒன்றை நடத்திவிடலாம். டொம்களுக்குத் தனித்தனியாகக் கவ்வும் சிறிய மைக்குகள், சென்ஹைசர் ஈ604 போன்றவை, பெரிய மைதானங்களுக்கு உரியவை.

எட்டு மைக் வைத்தால் என்ன?

எட்டு மைக் கொண்ட பெட்டி ஒன்றாக விற்கப்படுவதால் எட்டையும் வைக்கவேண்டும் என்ற எண்ணம் வருகிறது. அதற்கு ஒரு விலை இருக்கிறது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், கீச்சொலி வருவதற்கு முன் கூட்டக்கூடிய சத்தம் ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது. இரண்டு மைக்கிலிருந்து எட்டுக்குப் போனால் 6 டெசிபல் இழப்பு. அந்த இழப்பு பாடகரின் மைக்கையும் சேர்த்தே பாதிக்கும்.

அடுத்தது, ஒரே ஒலியை இரண்டு மைக்குகள் வெவ்வேறு நேரத்தில் வாங்குவது. எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி 35 சென்ரிமீற்றர் போக ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் எடுக்கும். ஸ்னேரின் ஒலி ஒரு மைக்குக்கு வந்து ஒரு மில்லிசெக்கன் கழித்து இன்னொன்றுக்குப் போனால், இரண்டும் மிக்ஸரில் சேரும்போது 500 ஹேர்ட்ஸ், 1,500 ஹேர்ட்ஸ் போன்ற இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். ஒலி தகரம்போல, உள்ளீடற்றதாகக் கேட்கும். மேலே இரண்டு மைக் வைப்பவர்கள் ஒரு கயிற்றை எடுத்து, ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் இருக்கிறதா என்று அளந்துகொள்வது இதற்காகத்தான்.

மைக்கின் முதுகு

வாங்கும்போது பலர் பார்க்காத விடயம், மைக் எந்தப் பக்கம் கேட்காது என்பது. எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் கார்டியொயிட் வகை. நேர் பின்னால் வரும் ஒலியை இவை மிகக் குறைவாக வாங்கும். ஆகவே மொனிட்டர் ஸ்பீக்கர் நேர் பின்னால் இருக்கவேண்டும். பீட்டா 52ஏ சுப்பர்கார்டியொயிட் வகை. அதன் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை, பின்புறத்தின் இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்த்து மொனிட்டரை ஓர் அடி தள்ளி வைத்தாலே கீச்சொலி நின்றுவிடும் இடங்கள் உண்டு. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அதே மைக் தவிலுக்கும் கூத்துக்கும்

இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் விட்டு வந்து, வெறுங்கையோடு மீண்டும் தொழில் தொடங்கியவர்களுக்கு ட்ரம்ஸுக்கென்று மட்டும் பணம் போடுவது கடினம். ஆனால் மேலே சொன்ன மைக்குகள் பகலிலும் உழைக்கும். தவிலின் தொப்பிப் பக்கம் கம்பால் அடிபட்டு அடித்தொனி தரும். அங்கே கிக் மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைக்கலாம். விரற்கூடு போட்டு வாசிக்கும் வலந்தலைக்கு எஸ்எம்57 பொருந்தும். கோவலன் கூத்தின் மத்தளத்துக்கும் இந்த முறையே போதும். கூத்தில் சொல்தான் உயிர். மத்தளம் அதற்குத் துணை. மத்தளத்தின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அண்ணாவியாரின் பாட்டும் ஆடுவோரின் சொல்லும் பின்வரிசைக்கும் போகும்.

பெயர்பெற்ற மைக்குகளின் போலிகள் சந்தையில் நிறைய உண்டு. எஸ்எம்58 ஏறத்தாழ 298 கிராம், எஸ்எம்57 ஏறத்தாழ 284 கிராம். கடைத் தராசில் வைத்துப் பார்த்து, எடை நன்றாகக் குறைந்தால் சந்தேகிக்கவேண்டும். எடை சரியாக இருப்பது மட்டும் உறுதியல்ல. தெரிந்த நல்ல மைக் ஒன்றோடு சேர்த்து, ஒரே குரலில் இரண்டையும் கேட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஒரு "டப்" சத்தம்

கடைசியாக ஒன்று. மிக்ஸரில் அந்தச் சனலைத் திறந்து வைத்தபடி மைக் வயரைக் கழற்றினாலோ, 48 வோல்ட் ஆளியைப் போட்டாலோ, பெரிய பொக்ஸ்களில் "டப்" என்று வெடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். வேறு ஊரில் சனம் முகம் சுளிப்பதோடு அது முடிந்துவிடலாம். முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்தவர்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் வீதியில் அந்த ஒலிக்கு வேறு பொருள் இருக்கிறது. வயரைத் தொடுவதற்கு முன் சனலை மூடுவது ஒரு விநாடி வேலை. கிக்கின் சத்தத்தையும் நிகழ்ச்சி தொடங்கும்போது குறைவாக வைத்து, முதலாவது பாட்டுக்குள் மெல்ல மெல்ல ஏற்றலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, இசை நிகழ்ச்சி இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலுக்கு மேற்படக்கூடாது என்கிறது. கைபேசியில் இருக்கும் ஒலி அளவுச் செயலி முழுத் துல்லியம் இல்லாவிட்டாலும் ஒரு மதிப்பைக் காட்டும். முன்வரிசையில், பொக்ஸ்களுக்கு நேரே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு கடைசி வரிசைக்குப் போய்ப் பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்கவேண்டும். விளங்கவில்லை என்றால் முதலில் ட்ரம்ஸில் ஒரு மைக்கை மூடிப் பாருங்கள். குரலைக் கூட்டுவது அதற்குப் பிறகு.