சிரிப்புக்கு விசா இல்லை

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வெளிநாடுகள் கதவைத் திறந்துவிட்டன. வாசலில் வழிமறிக்கிறது ஒரு சின்னஞ்சிறு போட்டோ.

கம்பெனியின் கடிதம் தயார். வங்கிக் கணக்கு விவரம் தயார். பட்டச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, ஸ்பானிஷ் மொழியில் பெயர்க்கக் கொடுத்து, திரும்பப் பெற்றாயிற்று. போலீஸ் சான்றிதழுக்கும் அதே அலைச்சல். வாரக்கணக்கில் ஓடி, ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த இந்தக் கோப்பில் கடைசியாகச் செருகப்படுவது போட்டோ. இருப்பதிலேயே மலிவான காகிதம் அதுதான். மூலையில் உள்ள ஸ்டுடியோவில் பத்து நிமிடத்தில் எட்டுப் பிரதி. விசா மையத்தின் கவுன்டரில் முதலில் திருப்பித் தரப்படுவதும் பல நேரங்களில் அதுவேதான்.

அலுவலகம் ஒரு நாட்டில், வேலை பார்ப்பவர் இன்னொரு நாட்டில் என்பது கொரோனா காலம் கற்றுத்தந்த பாடம். 2020இல் பார்படோஸும் எஸ்டோனியாவும் இத்தகையவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தன. பிறகு குரோஷியா, போர்ச்சுகல், மலேசியா என்று வரிசை நீண்டது. ஸ்பெயின் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய ஸ்டார்ட்-அப் சட்டத்தின் மூலம் இந்த வரிசையில் சேர்ந்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்தாண்டு விசாவோடு வந்தது. ஜப்பானும் அதே ஆண்டு கதவைத் திறந்தது. ஆனால் அது அழைத்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. லேப்டாப்பும் இன்டர்நெட் இணைப்புமே அலுவலகமாகிவிட்ட பெங்களூர், ஹைதராபாத், புனே இளைஞர்களுக்கு ஐரோப்பாவில் கண்ணில்பட்டது ஸ்பெயினும் போர்ச்சுகலும்.

ஸ்பெயினின் நிபந்தனைகள் கறாரானவை. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்கு வருமானம் வேண்டும். பட்டமோ, மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். கம்பெனிக்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும்; அதில் விண்ணப்பதாரர் மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாக விளக்கம் உண்டு. போட்டோவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான்: அண்மையில் எடுத்த கலர்ப் படம், பாஸ்போர்ட் அளவு, வெளிர் நிறப் பின்னணி, நேர்ப் பார்வை, கறுப்புக் கண்ணாடியோ பளபளக்கும் கண்ணாடியோ கூடாது, முகத்தின் நீள்வட்டத்தை மறைக்கும் உடை கூடாது.

படிப்பதற்கு எளிது. வம்பு தொடங்குவது 'பாஸ்போர்ட் அளவு' என்ற இரு சொற்களில்.

எந்த நாட்டு பாஸ்போர்ட்? ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் வழக்கம் 35க்கு 45 மில்லிமீட்டர். அமெரிக்காவுக்கு 51க்கு 51, அதாவது இரண்டு அங்குலச் சதுரம். இந்தியா வரும் வெளிநாட்டவரிடம் நம் அரசு கேட்பதும் அதே சதுரம்தான். சீன விசாவுக்கு 33க்கு 48. மலேசியாவுக்கு 35க்கு 50. ஒரே முகம், ஐந்து ஊருக்கு நான்கு சட்டை.

இந்தியாவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்பது பாஸ்போர்ட்டோடு சம்பந்தம் விட்டுப்போன சொல். பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, தேர்வு நுழைவுச் சீட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். உண்மையான பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அது தேவைப்படுவதில்லை. பாஸ்போர்ட் சேவா மையத்தில் அவர்களே கேமரா வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட 35க்கு 45 என்பதால் ஸ்டுடியோக்காரர் நம்பிக்கையோடு வெட்டிக் கொடுத்துவிடுகிறார். தவறு உள்ளே இருக்கிறது. நம் ஸ்டுடியோப் படத்தில் தோளும் சட்டைக் காலரும் சில சமயம் பாக்கெட்டும் தெரியும். முகம் பாதிப் படத்தைக் கூடத் தொடாது. ஷெங்கன் கணக்கில் முகவாயிலிருந்து உச்சந்தலை வரை 32 முதல் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் முகம்தான். முதன்முறை பார்ப்பவருக்குப் படம் மூச்சுமுட்டுவதாகவே தோன்றும்.

அமெரிக்க விசாவுக்கு எடுத்த சதுரத்தை வெட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே தலை 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். 28 மில்லிமீட்டர் தலையுள்ள படத்தை எப்படி வெட்டினாலும் 28 மில்லிமீட்டர் தலைதான். கத்தரிக்கோல் காகிதத்தைக் குறைக்கும், முகத்தைப் பெரிதாக்காது.

அடுத்தது 'டச்சப்'. இந்திய ஸ்டுடியோவின் மரபே அழகுபடுத்துவதுதான். பவுடர் டப்பா, சீப்பு, கண்ணாடி, இரவல் கோட்டு எல்லாம் உள்ளே தயாராக இருந்த காலம் உண்டு. நெகட்டிவின்மீது கூரான பென்சிலால் தழும்பை மறைத்து, கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைப் போக்குவது தனிக் கலையாகவே இருந்தது. கல்யாணத் தரகர் கையில் போகும் படம் என்றால் இரண்டு நிறம் கூடுதலாகவே வெளுக்கும். பென்சில் போய் கம்ப்யூட்டர் வந்தது, பழக்கம் போகவில்லை. யாரும் கேட்காமலே கன்னம் வழவழப்பாகிறது, மச்சம் மறைகிறது, பின்னணி தூய வெள்ளையாகி, அதோடு காது ஓரத்து முடியும் அரைகுறையாக வெட்டப்படுகிறது. விசா அதிகாரிக்கு இது அழகல்ல, திருத்தப்பட்ட ஆவணம். செல்போனில் தானே எடுத்துக்கொள்பவர்களும் தப்புவதில்லை. சில போன்களில் அழகூட்டும் வசதி தானாகவே இயங்குகிறது. கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். செல்ஃபி என்றால் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடவும் கூடும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? முதலில் இருந்ததில்லை. முதல் உலகப் போர் வரை பெரும்பாலான பாஸ்போர்ட்டுகளில் போட்டோவே கிடையாது. 1914இல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மன் உளவாளி, ஓர் அமெரிக்கரின் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நுழைந்து உலவினார். அதில் படம் இல்லாததால் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த நவம்பரில் லண்டன் கோட்டையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவும், 1915இல் பிரிட்டனும் பாஸ்போர்ட்டில் போட்டோவைக் கட்டாயமாக்கின. ஆரம்பத்தில் தொப்பி அணிந்த படம், குடும்பத்தோடு நிற்கும் படம் எல்லாமே செல்லுபடியாயின. ஆனால் இதற்கும் முன்பே போட்டோ கேட்கப்பட்ட ஒரு கூட்டம் உண்டு: அமெரிக்காவில் இருந்த சீனத் தொழிலாளர்கள். அவர்கள் வைத்திருக்க வேண்டிய வசிப்புச் சான்றிதழில் 1893இலேயே படம் கட்டாயம். வேலை தேடி வந்தவனின் முகத்தைத்தான் அரசாங்கங்கள் முதலில் குறித்துக்கொண்டன.

சிரிப்பு போனது மெஷின் வந்த பிறகு. மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சிப் பதித்த பாஸ்போர்ட்டில் அடையாளமாக எதை வைப்பது என்று யோசித்து 2003இல் முகத்தைத் தேர்ந்தெடுத்தது. ரேகையும் கருவிழியும் கூடுதல் வசதிகள் மட்டுமே. முகம் எல்லோரும் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருப்பது, புதிதாக எதையும் தொட வேண்டியதில்லை என்பது வாதம். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரம், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பை கம்ப்யூட்டர் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. வாய் விரிந்தால் கன்னம் உயர்கிறது, கண் சுருங்குகிறது, கணக்குப் பிசகுகிறது. 2004இல் பிரிட்டன் பாஸ்போர்ட் படத்தில் சிரிப்பைத் தடைசெய்தது. 2016 நவம்பர் முதல் அமெரிக்கா மூக்குக் கண்ணாடியையும் கழற்றச் சொல்லிவிட்டது. ஸ்பெயினின் வாக்கியம் இதில் கொஞ்சம் தாராளம். பளபளப்புதான் கூடாது என்கிறது. ஆனாலும் கழற்றிவிடுவது நிம்மதி.

மெஷின் நடுநிலையானது என்ற எண்ணம்தான் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய இடம். 2016இல் நியூசிலாந்தில் ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் பாஸ்போர்ட் படத்தை 'கண் மூடியிருக்கிறது' என்று கம்ப்யூட்டர் நிராகரித்தது. அவர் கண் திறந்துதான் இருந்தது. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், ஆணா பெண்ணா என்று முகம் பார்த்துச் சொல்லும் சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள். கறுத்த நிறப் பெண்கள் விஷயத்தில் ஒன்றின் தவறு 34.7 சதவீதம் வரை போயிற்று. வெளுத்த நிற ஆண்களிடம் தவறு 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிரிட்டன் அரசின் ஆன்லைன் பாஸ்போர்ட் சோதனையை 2020இல் பிபிசி ஆராய்ந்தபோது, கறுத்த நிறப் பெண்களின் படங்களில் 22 சதவீதம் 'தரம் போதாது' என்று திரும்பின. வெளுத்த நிறப் பெண்களுக்கு அது 14 சதவீதம்.

இதில் பாதிப் பழி சாஃப்ட்வேருக்கு என்றால், மீதி வெளிச்சத்துக்கு. வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் மாநிறக்காரரை கேமரா தானாக அளந்தால், சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து 'போதும்' என்று முடிவுகட்டிவிடும். முகம் மேலும் கறுக்கும். கறுத்த படத்தை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வெளுக்கவைப்பார். அது திருத்திய படம் என்று திரும்பும். நிறத்தின் மேல் நமக்கிருக்கும் வெட்கமும் இதற்குத் துணைபோகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பரிகாரம் கம்ப்யூட்டரில் இல்லை, விளக்கில் இருக்கிறது. சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி உட்கார்ந்து, முகத்தின் இரு பக்கமும் சமமாக வெளிச்சம் விழவைத்து, சுவரை அல்ல முகத்தை அளந்து எடுத்தால் சொந்த நிறத்திலேயே தெளிவாக விழும். கேமரா ஐந்தடி தூரத்தில், கண் மட்டத்தில் இருந்தால் மூக்கும் அளவோடு வரும். கறுப்புத் தலைமுடிக்கு வெளிர்ப் பின்னணி நல்லதுதான். வெள்ளைச் சட்டைதான் எதிரி. கழுத்துக்குக் கீழே ஆளே கரைந்துபோவார்.

பொட்டு? விபூதி? மூக்குத்தி? ஸ்பெயினின் அந்த வாக்கியத்தில் எதற்கும் தடை இல்லை. ஃபிளாஷில் மூக்குத்தி நட்சத்திரமாக மின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. சீக்கியரின் டர்பனும் முஸ்லிம் பெண்ணின் தலைத்துணியும் நெற்றி முதல் முகவாய் வரை நீள்வட்டத்தைத் திறந்துவிட்டால் அந்த விதியை மீறுவதில்லை. உண்மையில் தொந்தரவு தருவது நெற்றியில் புரளும் முடிதான். அதற்கு மதமும் கிடையாது, சலுகையும் கிடையாது.

'அண்மையில்' என்பதைப் பெரும்பாலான நாடுகள் ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்கின்றன. ஸ்டுடியோ கொடுத்த எட்டில் மீந்துபோன ஆறு பர்ஸில் பத்திரமாக இருக்கும் என்பதால் அதையே நீட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பிடிபடுவது சுலபம். ஷெங்கன் விசா ஸ்டிக்கரிலேயே படம் அச்சாகிறது. மூன்றாண்டுக்கு முந்தைய சுற்றுலா விசாவில் இருக்கும் அதே சட்டை, அதே முகச்சாய்வு புதிய விண்ணப்பத்திலும் இருந்தால் கவுன்டரில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

அதிகாரிகளின் சந்தேகத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பேரின் முகங்களைக் கலந்து ஒரு படமாக்கி, அந்த ஒரு பாஸ்போர்ட்டில் இருவருமே மெஷினைத் தாண்ட முடியும் என்று போலோக்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். 2018இல் ஜெர்மனியில் ஒரு கலைஞர் குழு, ஐரோப்பிய யூனியனின் அன்றைய வெளியுறவுத் தலைவி ஃபெடரிகா மொகரினியின் முகத்தைத் தங்களில் ஒருவரின் முகத்தோடு கலந்து, அசல் பாஸ்போர்ட்டே வாங்கிக் காட்டியது. விளைவு: 2025 மே முதல் ஜெர்மனி தன் குடிமக்களின் பாஸ்போர்ட்டுக்குக் காகிதப் படமே வேண்டாம் என்றுவிட்டது. படம் டிஜிட்டலாக, பாதுகாப்பான வழியில் நேரே அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நீண்ட நாள் விசா கேட்கும் இந்தியர் இன்னும் காகிதத்தோடுதான் வரிசையில் நிற்கிறார். படம் சரியில்லை என்பதற்காக விசா மறுக்கப்படுவது அரிது. இழப்பது நேரத்தை. அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனால் போலீஸ் சான்றிதழும் வங்கிக் கணக்கு விவரமும் பழசாகும். வேறு ஊரிலிருந்து ரயிலேறி வந்தவருக்கு இன்னொரு டிக்கெட், இன்னொரு நாள் லீவு. அதனால்தான் விசா மையங்களில் இருக்கும் கட்டண போட்டோ கேமராவுக்கு ஆள் குறைவதில்லை. வெளியே கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்காருகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே ஒரு ஸ்கேலை வைத்து முகவாயிலிருந்து உச்சி வரை அளந்து பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

ஸ்பெயின் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இது முடிவதில்லை. ஓராண்டு விசா தீர்ந்து, அங்கேயே தங்கும் அனுமதிக்கு மாறும்போது வெளிநாட்டவர் அட்டை வாங்க வேண்டும். அதற்கும் போட்டோ உண்டு. அந்நாட்டு அடையாள அட்டையின் அளவு: உயரம் 32 மில்லிமீட்டர், அகலம் 26. விசாவுக்கு எடுத்த படத்தில் முகம் மட்டுமே 32 மில்லிமீட்டர். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் வெள்ளைத் துணி, மறுபடியும் சிரிக்கக் கூடாது என்ற உத்தரவு, இம்முறை ஸ்பானிஷில்.